எஸ் ட்ராப்பும் மற்றதும்

கொமட் விற்கிறவளிடம் "என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் பலர்; பதிலைக் கேட்ட பிறகு இரண்டாவது கேள்வி கேட்டவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியில், குளியலறைச் சாமான்கள் விற்கிற கடையில் நிற்கிறேன். வீடு கொட்டாஞ்சேனையில். புடவைக் கடையிலும் மருந்துக் கடையிலும் நின்று கால் வீங்கிப்போன அன்பர்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் எதற்கு வந்தோம் என்பதை வாய்விட்டுச் சொல்வார்கள். என்னிடம் வருகிறவர்கள் முதலில் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். பிறகு கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சவர்க்காரத் தட்டு என்ன விலை என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "அது... மற்றது... வச்சிருக்கிறியளோ?" என்பார்கள்.

இந்தக் கடைக்கு வந்த நாள்முதல் எனக்கு அதிர்ச்சி இல்லாத கிழமை கிடையாது. பெரும்பாலானவை வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிச் சிரிக்கிற அதிர்ச்சிகள். ஒன்று மட்டும் அப்படியில்லை. அதில் ஒரு மனிதர் தன் வீட்டுக்குத் திரும்பி வருவாரா மாட்டாரா என்பது ஒரேயொரு எழுத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த எழுத்தைச் சொல்ல வேண்டும்.

சேருக்கு எது வேணும்?

கொமட்டில் இரண்டு வகை. கழிவு போகிற வாய் கீழே நிலத்துக்குள் இறங்கினால் அது எஸ் ட்ராப். பின்பக்கமாகச் சுவருக்குள் போனால் பீ ட்ராப். குழாயின் வளைவு அந்த ஆங்கில எழுத்துகளைப்போல இருப்பதால் வந்த பெயர்கள். பெயர் வைத்த வெள்ளைக்காரன், தமிழர் காதில் இது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் நானும் யோசிக்கவில்லை. வீட்டில் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கேள், மாறிக் கொடுத்தால் பொருத்தவே முடியாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். அதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

நெற்றி நிறையத் திருநீறும் கையில் குடையுமாக ஒரு பெரியவர் வந்தார். கடையில் நல்ல கூட்டம். எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது. மாதா கோயில் கோரஸில் பாடிப் பழகிய குரல். அந்தக் குரலில், "சேர், உங்களுக்கு பீ வேணுமா, எஸ் வேணுமா?" என்று கேட்டேன்.

குழாய் பார்த்துக்கொண்டிருந்த அம்மா குழாயைக் கீழே வைத்தார். யாரோ இருமினார்கள். என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. காது இரண்டும் சூடாகி, நின்ற இடத்திலேயே உறைந்துபோனேன். பெரியவர் கோபிக்கவில்லை. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மிகவும் பொறுமையாகச் சொன்னார்:

"பிள்ளை, நான் அதைப் போடுறதுக்குத்தான் ஒண்டு வாங்க வந்தனான்."

ஜன்னல்காரன்

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையான மனிதர். பெரியவரின் கதை காதுக்கு எட்டியதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அன்றே சட்டம் வந்தது. "மகள், இந்தக் கடையில எஸ் ஈக்கிது, மத்தது ஈக்கிது. மூணாவதா ஒரு சொல் இல்ல." அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும், ஸ்டோரில் நிற்கிற ரிஸ்வான் நானா உட்பட, "எஸ்ஸா, மற்றதா?" என்றுதான் கேட்போம்.

ஹாஜியாரின் இரண்டாவது சட்டம் இதைவிடப் புதுமையானது. கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு சின்னக் கொமட் இருந்தது. மற்றவற்றைவிடக் கட்டையானது, சிறிய குளியலறைக்கென்றே செய்தது. அதைப் பக்கவாட்டில் வைத்திருந்தார்கள். வீதியால் போகிறவர்களுக்கு முன்பக்கம் தெரியட்டும் என்று நினைத்து ஒருநாள் காலையில் அதைக் கஷ்டப்பட்டுத் திருப்பிவைத்தேன். ஹாஜியார் வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துவிட்டார். எங்கள் ஜன்னல் பார்ப்பது மேற்கே, கடல் பக்கம். முஸ்லிம்கள் தொழுகிற திசையும் அந்தப் பக்கம்தான். அந்தத் திசைக்கு முகத்தையோ முதுகையோ காட்டி மலசலம் கழிக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. அதனால்தான் எங்கள் கடையில் அத்தனை கொமட்டும், பஸ் சீட்டில் பக்கம் திரும்பி இருக்கிறவர்களைப்போல, வடக்கும் தெற்கும் பார்த்து இருந்தன.

"ஹாஜியார், இதில ஒருத்தரும் இருக்கப்போறதில்லையே!" என்றேன். அவரே குனிந்து அதைத் திருப்பத் தொடங்கினார். ரிஸ்வான் நானா ஓடிவந்து பிடித்துக்கொண்டே அதன் கதையை என் காதில் போட்டார். அந்தக் கொமட் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் கடையில் வியாபாரம் சூடுபிடித்ததாம். அதைக் கேட்டு வந்த எத்தனையோ பேருக்கு அவர் விற்க மறுத்திருக்கிறாராம். ஒரு கொமட்டில் அதிர்ஷ்டம் இருக்கலாம் என்று எனக்குக் கனவிலும் தோன்றியதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து ஹாஜியார் சொன்னார்:

"சிரிக்காத மகள், இது கடைட பரக்கத்."

கனடாவிலிருந்து பார்த்தவர்கள்

வெள்ளவத்தையில் கொமட் வாங்க வருகிறவர் ஒருவர், தெரிவு செய்கிறவர் இன்னொருவர். தெரிவு செய்கிறவர் பெரும்பாலும் கனடாவில் இருப்பார். ஒரு தம்பியார் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினார். அதற்குள்ளிருந்து அண்ணர், "உதைக் காட்டு, இஞ்சால திருப்பு, உயரம் விளங்கேல்லை, ஆரையும் ஒருக்கா இருக்கச் சொல்லு" என்று உத்தரவு போட்டார். தம்பியார் என்னைப் பார்த்தார். நான் ரிஸ்வான் நானாவைப் பார்த்தேன். அவர் அந்தக் கணத்திலேயே ஸ்டோருக்குள் மறைந்துவிட்டார்.

வேலை என்று வந்த பிறகு வெட்கம் எதற்கு? மூடியைப் போட்டு, முழங்கால் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க இருப்பதுபோல அதன்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் தொலைபேசித் திரையைக் கிட்டத்தில் கண்டேன். அண்ணர் ஒருவர்தான் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பமே கையில் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிவாரிப்போட்டு எழும்பப்போன நேரம், பின்னாலிருந்து ஓர் அம்மாவின் குரல் வந்தது:

"உந்தக் கொமட்டில இருக்கிற பிள்ளை ஆற்றை பிள்ளை? கலியாணம் முடிச்சிட்டுதோ?"

நூல்கண்டோடு வந்தவர்

இனி நான் சொல்ல வந்த கதை. ஒரு திங்கட்கிழமை காலை, கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், முதலாம் மாடி வீட்டில் இருக்கிற யோகா அன்ரி வந்தார். கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சு குளியலறையின் நீளம், மற்றது அகலம். நூலை நிலத்தில் விரித்துப் பார்த்தேன். அதைக் குளியலறை என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். கதவு வேறு உள்பக்கமாகத் திறக்குமாம்.

"அன்ரி, ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பரேஷன் செய்தது பிள்ளை. இனிக் குந்தவே கூடாதாம். எங்கட வீட்டில இருக்கிறது குந்துறதுதான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை விடுகினம்." நூலின் முடிச்சை நெருடினார். பிறகு வேகமாகச் சொல்லி முடித்தார். "பெட் பான் எண்டால் வீட்டை வரமாட்டாராம். 'உன்ர கையால அதை எடுக்க விடமாட்டன், என்னை இரத்மலானையில ஒரு முதியோர் ஹோமில கொண்டுபோய் விடு' எண்டு நிக்கிறார். பகிடிக்குச் சொல்லேல்லை. மருமகனிட்டச் சொல்லி அங்க இடமும் கேட்டுப்போட்டார்."

கூடி வாழ்ந்த மனிசியின் கையில் படுக்கையில் வைக்கிற ஒரு மலச்சட்டியைக் கொடுக்க வெட்கப்பட்டு, வீட்டையே விட்டுப்போகத் தயாராக ஒரு மனிதர்! வியாழனுக்கு முன்னால் எப்படியும் கொமட் பொருத்திவிட வேண்டும் என்று நானே எனக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். நூலுக்கு அடங்குகிற மாதிரிக் கட்டையான ஒன்று ஸ்டோரில் இருந்தது. இனி ஒரு கேள்விதான் மிச்சம். "அன்ரி, எஸ்ஸா, மற்றதா? கொத்துவேலை செய்யிற பாஸ் சொன்னாரா?"

அன்ரி வாயைத் திறந்தார். பக்கத்தில் மூன்று ஆண்கள் ஷவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"எஸ் எண்டே போடும் பிள்ளை."

பிமட்ட, பித்தியட்ட

புதன்கிழமை காலை கொமட் போனது. மத்தியானத்துக்கு முன் கடைத் தொலைபேசிக்குக் கோல் வந்தது. அன்ரி வீட்டில் வேலை செய்கிற சுனில் பாஸ், சிங்களத்தில். "மிஸ், மேக பிமட்ட யன எகக்னே. அபிட்ட ஓனே பித்தியட்ட யன எகக்!" இது நிலத்துக்குப் போகிறது, எங்களுக்கு வேண்டியது சுவருக்குப் போகிறது என்கிறார். தொலைபேசியை வைத்த கையோடு ஓடினேன்.

வீட்டுக்குள் போனதும் பேயறைந்தவள் மாதிரி நின்றுவிட்டேன். பழைய பீங்கானை உடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். அது இருந்த இடம் சீமெந்து போட்டு மட்டமாகப் பூசப்பட்டிருந்தது. சுவரில் ஒரு ஓட்டை. வரவேற்பறையில், சோபாவுக்குப் பக்கத்தில், விருந்தாளி மாதிரி எங்கள் புதுக் கொமட். நிலத்தை உடைத்துக் குழாயைத் திருப்பலாமா என்று கேட்டேன். கீழே ஆள் இருக்கிற வீடு, அவர்கள் கூரையைப் பிய்ப்பதா என்று சுனில் பாஸ் கையை விரித்தார். நேற்றுவரை குந்துவதற்காவது ஒன்று இருந்த வீட்டில் இன்று ஒன்றுமே இல்லை. நாளை மனிதர் வருகிறார்.

"பாஸ் உங்களுக்குச் சொல்லேல்லையா அன்ரி?" என்று கேட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பாஸ் சொல்லியிருந்தாராம். தெளிவாக, இரண்டு தரம் சொல்லியிருந்தாராம். மற்றது என்றால் எது என்பதும் அன்ரிக்கு நன்றாகத் தெரியுமாம். 'மற்றது' என்றாலும் கேட்கிறவர்களுக்கு அதுதானே விளங்கும் என்று, அந்தச் சொல்லும் வாயில் வரவில்லையாம். சோபாவின் கரையில் இருந்துகொண்டு, கொமட்டைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த மூண்டு ஆம்பிளையளுக்கு முன்னால அந்தச் சொல்லை எப்பிடியம்மா சொல்லுறது? கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் இவருக்கு முன்னாலயே அதைச் சொன்னதில்லை."

ஹாஜியார் வாயைத் திறந்தார்

கடைக்குத் திரும்பி ஸ்டோரைத் தலைகீழாக்கினோம். மற்ற வகையில் பெரியவை இருந்தன. வைத்தால் கதவு பாதிதான் திறக்கும், ஊன்றுகோலோடு வருகிறவர் உள்ளே நுழைய முடியாது. கட்டையானது அடுத்த கிழமைதான் வருமாம். மருதானை வரைக்கும் தெரிந்த கடைகளுக்கெல்லாம் கோல் எடுத்தேன். ஒருவரிடமும் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், ஜன்னலில் அந்தச் சின்னக் கொமட், வடக்கைப் பார்த்தபடி. அதன் வாய் பின்பக்கம்.

"ஏலா மகள்," என்றார் ஹாஜியார், நான் கேட்டு முடிக்கவில்லை. "வேற எதையும் கேளுங்க. அது ஏலா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலாளி என்றும் பார்க்கவில்லை. "ஹாஜியார், அந்த மனிசி பிழையா வாங்கினதுக்குக் காரணம் எங்கட சட்டம். அது வெறும் ஒரு எழுத்து. சாமானுக்குப் பேர். அதை நாங்களே சொல்ல வெட்கப்பட்டு 'மற்றது, மற்றது' எண்டு ஒளிச்சு வச்சதால, அது என்னமோ கெட்ட வார்த்தை எண்டு அவங்களும் நம்பிட்டாங்க. நாளைக்கு அந்த அங்கிள் வீட்டுக்கு வராம ஹோமுக்குப் போனா, உங்கட பரக்கத் ஜன்னலில இருந்து என்ன செய்யப்போகுது?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளையிலிருந்து வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "பொண்டாட்டி கையால எடுக்க வேணாம் எண்டா அந்த மனிசன் செல்லிச்சி?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஜன்னலை ஒருதரம் பார்த்தார். பிறகு ஸ்டோர்ப் பக்கம் திரும்பினார். அவருக்கு அப்படியொரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் நிறைந்த கடையில், அவ்வளவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில், ஹாஜியார் கத்தினார்:

"ரிஸ்வான்! ஜன்னல்ல ஈக்கிற பீய தூக்கி லொறில ஏத்து! பாத்து, பீ ஒடஞ்சிடும்!"

வியாழன் பின்னேரம்

அன்று மாலையே சுனில் பாஸ் அதைப் பொருத்திவிட்டார். சுவர் ஓட்டைக்கும் கொமட்டின் வாய்க்கும் அப்படியொரு பொருத்தம் என்று ரிஸ்வான் நானா வந்து சொன்னார். ஹாஜியாருக்கு ஒரேயொரு கேள்விதான். "எந்தப் பக்கம் பாக்குது?" ரிஸ்வான் நானா என்னைப் பார்த்து விழித்தார். "கடலப் பாத்து, ஹாஜியார்." ஹாஜியார் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். "அவங்க வூடு. அவங்க முறை," என்று சொல்லிவிட்டு மஃரிப் தொழப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன். வந்துவிட்டாரா? வந்தாலும், அந்தக் கதவுக்குள்ளால் நுழைய முடிந்ததா? ஒருவேளை வாகனம் நேரே இரத்மலானைக்குத்தான் போய்விட்டதோ? ஹாஜியாரும் ஒன்றுமில்லாததுபோல, "என்ன மகள், கோல் வந்திச்சா?" என்று வந்து வந்து கேட்டார். பின்னேரம் கோல் வந்தது.

"பிள்ளை, நான் யோகா அன்ரி. வந்திட்டார்." எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். ஆனால் அதை எப்படிக் கேட்பது? ஹாஜியாருக்கே பாடம் எடுத்த நான், கூரையைப் பார்த்துக்கொண்டு, "அன்ரி... எல்லாம்... சரியா?" என்று இழுத்தேன். அன்ரிக்கு விளங்கிவிட்டது. ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அந்த மெல்லிய குரல், மூன்று வீடு தள்ளிக் கேட்கிற குரலாக மாறியது. "பீ நல்லா வேலை செய்யுது பிள்ளை! சுகமா இருந்து எழும்பினார்! தனியவே போட்டு வந்தவர்!"

அன்ரியின் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. அதற்கும் பின்னால், அதிர்ந்துபோன ஓர் ஆண் குரல் வந்தது:

"யோகா! நான் ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் உனக்கு என்ன நடந்தது?"

இந்த வியாபாரத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: வாயைத் திறக்க வெட்கப்படுகிற கடையில் கடைசியில் ஜன்னலைத் திறக்க வேண்டிவரும்.